முகூர்த்த நேரமும் மணப்பூவும்

திருமணப் பூவைத் தேர்வதில் நிறத்துக்கும் முன்பாகக் கருத வேண்டியது, அது மலரும் நேரமே ஆகும். ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் புவிசார் குறியீட்டை 2013-இல் பெற்ற மதுரை மல்லி, விடியலில் மொட்டாகப் பறிக்கப்பட்டு அந்தியில் விரிவதால் வரவேற்புக்கு மணம் நிறைந்து நிற்கும்; காலை முகூர்த்தத்துக்கோ முந்தைய நாள் பூ பழுப்பேறிவிடும் என்பதால், அன்று பறித்த மொட்டுகளையே நெருக்கமாகக் கட்டிச் சூடுவது சிறந்தது. தை மாதப் பனியில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறும்போது, இதழ் தடித்த சம்பங்கியோடு ரோஜாவைச் சேர்த்துக் கட்டிய மாலை, ஓமப்புகையின் வெப்பத்தையும் ஓரளவு தாங்கி, அழகிலும் குறையாது. தேவாலயத் திருமணங்களில் மணமகள் ஏந்தும் பூச்செண்டு, காம்புகளைச் சேர்த்துக் கட்டிய உருண்டை வடிவிலோ பூக்கள் கீழ்நோக்கி வழியும் அருவி வடிவிலோ அமையும். பின்னது கை வலிக்கும் அளவு கனப்பதால், நீண்ட வழிபாட்டுக்கு முன்னதே ஏற்றது.