மேகத்திற்குள் விமானம், இருளுக்குள் செபம்



நமது புதுவை இலாசுப்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருவுக்கும் ஐதராபாத்துக்கும் 2024 டிசம்பரில் விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின. மழைக்காலத்தில் ஏறுவோர், "வெளியே ஒன்றுமே தெரியவில்லையே, விமானி எப்படி ஓட்டுகிறார்?" என்று வியப்பதுண்டு. பதிலில் நமது செப வாழ்வுக்கும் ஒரு செய்தி உண்டு.

தொடுவானம் தெரியும்வரை விமானி கண்ணால் பார்த்து ஓட்டலாம். மேகத்திற்குள் நுழைந்ததும் கருவிகளைப் பார்த்தே ஓட்ட வேண்டும் என்பது விதி. பாதையையும் உயரத்தையும் கட்டுப்பாட்டு அறை சொல்ல, விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்வார். பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் தெளிந்த வானத்திலும் இவ்விதிப்படியே பறக்கின்றன.

இதற்குக் காரணம் நமது காதுக்குள் இருக்கிறது. அங்குள்ள நீர்மம்தான் உடல் சாய்வதையும் திரும்புவதையும் நமக்கு உணர்த்துகிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சில வினாடிகளில் அந்த நீர்மம் நிலைகொள்கிறது. நேராகப் போவதாகவே தோன்றும். நிமிர்த்தினாலோ எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 1954இல் வெளியிட்ட ஆய்வில், கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகள் மேகத்துக்குள் பறப்பது போன்ற சூழலில் சோதிக்கப்பட்டனர். அனைவருமே கட்டுப்பாட்டை இழந்தனர், சராசரியாக 178 வினாடிகளில்!

"சாமி, செபத்தில் ஒன்றும் தோன்றவில்லை, கடவுள் கைவிட்டுவிட்டார்" என்று நம்மிடம் சொல்வோர் பலர். தோன்றுவது உண்மைதான்; தோன்றுவதாலேயே கைவிட்டார் என்று ஆகிவிடாது. அன்னை தெரேசா பல ஆண்டுகள் அந்த இருளில் வாழ்ந்ததை 2007இல் வெளியான அவரது கடிதங்கள் காட்டின. அவர் அன்றாடத் திருப்பலியை விடவில்லை. இருளை ஆன்மீக வழிகாட்டிகளிடம் மறைக்கவுமில்லை.

இந்த இரண்டாவது செய்தி முக்கியமானது. ஏனெனில் கருவியும் பழுதாகலாம். 1978 சனவரி 1 இரவு, மும்பையிலிருந்து துபாய் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' சில நிமிடங்களுக்குள் கடலில் விழுந்து 213 பேர் இறந்தனர். தலைமை விமானியின் முன்னிருந்த சாய்வுகாட்டும் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்வதாகக் காட்டியது. அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். வெளியே இருண்ட கடல். மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளவும் இல்லை. ஒன்றை மட்டும் பார்க்காதே, பலவற்றை ஒப்பிடு, அருகிலிருப்பவர் சொல்வதைக் கேள் என்று இன்று விமானிகளுக்கு வற்புறுத்திக் கற்பிக்கிறார்கள். என் செபம், என் தீர்ப்பு எனக்குப் போதும் என்று பாவசங்கீர்த்தனத்தையும் பங்குச் சமூகத்தையும் ஒதுக்குவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு விதியும் உண்டு. கருவி உதவியோடு இறங்கும்போது, வழக்கமாகத் தரையிலிருந்து 200 அடி உயரத்திலும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால், மறுபேச்சின்றி மேலேற வேண்டும். 2018 போகியன்று சென்னையைப் புகைமூட்டம் சூழ்ந்தபோது பல விமானங்கள் இறங்காமல் வேறு ஊர்களுக்குப் போயின. பொங்கலுக்கு வீடு சேர நினைத்தவர்கள் முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் அந்த 200 அடி என்ற எல்லை, புகைக்குள் பதற்றத்தில் குறிக்கப்பட்டதன்று. தரையில் அமைதியாக முன்பே குறிக்கப்பட்டது. புனித இஞ்ஞாசியாரும் தமது ஆன்மீகப் பயிற்சிகளில், மனம் இருண்டிருக்கும் வேளையில் முந்தைய முடிவுகளை மாற்றலாகாது என்றே கற்பிக்கிறார்.

துறவறத்தை விடவோ, கணவரைப் பிரியவோ இன்றே முடிவு சொல்லுங்கள் என்று கலங்கிய கண்களோடு வருவோரிடம், அடி உதை அச்சம் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், நாம் கேட்பது இதுதான்: "எத்தனை நாளாகத் தூங்கவில்லை? இந்த முடிவை அடுத்த மாதம் எடுத்தால் என்ன?"