மலைக்கு அப்பால் இருக்கும் கணனியைத் திறப்பது எப்படி?

மாதத்தின் 9ஆம் திகதி. மறுநாள் சம்பள நாள். மாத்தளையில் உள்ள ஒரு சிறு தையல் நிலையத்தில் பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய சம்பளக் கணக்கை பல்லேகமவில் என் வீட்டிலிருந்தபடியே எழுதிக் கொடுப்பவள் நான். கணக்குப் புத்தகம் முழுவதும் நிலையத்தின் கணனியில்தான் இருக்கிறது. தூரக் கட்டுப்பாட்டு இணைப்பு மூலம் அதன் திரையை என் மடிக்கணனியில் திறந்து வேலை செய்வேன்.

அன்று காலை அந்தத் திரை திறக்கவில்லை. "இணைக்க முடியவில்லை" என்ற ஒரே வரிதான் வந்தது.

வெளியே நல்ல மழை. இலுக்கும்புர, ரிவர்ஸ்டன், இரத்தோட்டை வழியாக மாத்தளைக்குப் போகும் மலைப்பாதையை அறிந்தவர்களுக்கு, வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அந்தப் பயணம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் படுக்கையில் மாமியார். போகவும் வழியில்லை, போகாமல் இருக்கவும் வழியில்லை. பதினான்கு வீடுகளின் அடுப்பு அந்தக் கணக்கை நம்பியிருக்கிறது.

அன்று நான் கற்றுக்கொண்டதை உங்களுடன் பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்து கணக்கு எழுதும், மொழிபெயர்க்கும், பதிவு வேலை செய்யும் சகோதரிகள் இன்று பலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒருநாள் இந்தத் தொல்லை வரும்.

இரண்டு கணனி, இரண்டு மொழி

நிலையத்தில் இருப்பது விண்டோஸ் 11. என்னுடையது பழைய மடிக்கணனி. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. புதிய விண்டோஸை என் கணனி ஏற்கவில்லை. எனவே மகன் அதில் உபுண்டு லினக்ஸை நிறுவித் தந்தான். அது இலவசம், பழைய கணனியிலும் ஓடும். முதலாளியம்மா வைத்திருப்பதோ மெக் கணனி.

இவை ஒன்றோடொன்று பேச ஒரு பொது மொழி வேண்டும். விண்டோஸின் மொழி ஆர்.டி.பி. எனப்படும். உபுண்டுவில் ரெமினா என்ற மென்பொருள் அந்த மொழியைப் பேசும். மெக்கில் மைக்ரோசொப்டின் மென்பொருளே இருக்கிறது. 2024 முதல் அதன் பெயர் "விண்டோஸ் ஆப்". வி.என்.சி. என்பது இன்னொரு மொழி. 1998இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஓர் ஆய்வுகூடம் அதை இலவசமாக வெளியிட்டது. மெக்கின் திரைப்பகிர்வு இதைத் தழுவியதே. ஒருபுறம் ஆர்.டி.பி., மறுபுறம் வி.என்.சி. என்று இருந்தால் என்ன செய்தாலும் இணையாது.

ஒரு முக்கிய விடயம்: விண்டோஸில் "ஹோம்" பதிப்பு வாங்கினால் அதிலிருந்து வெளியே போகலாம், ஆனால் வெளியிலிருந்து ஆர்.டி.பி. மூலம் அதற்குள் வர முடியாது. அதற்கு "புரோ" பதிப்பு வேண்டும். புதுக் கணனி வாங்கும்போது கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்படியாகத் தேடுங்கள்

பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது பிழை என்று கடைசிவரை தெரியாது. நான் நிலையத்தில் இருந்த தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"கணனி போட்டிருக்கா?"

"ஓம் அக்கா. ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில நான்தான் போட்டனான்."

அதுவே முதல் தடயம். மின்சாரம் போய் வந்தால் சில கணனிகள் தாமாக எழும்பாது. வேறு சில, கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் உறங்கிவிடும். உறங்கும் கணனியின் கதவை எவ்வளவு தட்டினாலும் திறக்காது. மின்சாரத்தில் இருக்கும்போது உறங்காதபடி செட்டிங்ஸில் மாற்றி வைக்க வேண்டும்.

அடுத்து, இரு பக்கமும் இணையம் இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. நிலையத்தின் வலையமைப்புக்குள் நான் நுழையும் வி.பி.என். என்ற தனிவழியும் திறந்திருந்தது.

பிறகு முகவரி. ஒவ்வொரு கணனிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கிறது. நான் ரெமினாவில் எழுதி வைத்திருந்தது 192.168.1.20. செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதியைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். தங்கை வாசித்தது 192.168.1.23. ரவுட்டர் அணைந்து எழும்பியபோது புது எண் கொடுத்துவிட்டது! வீடு மாறியவருக்குப் பழைய முகவரியில் கடிதம் போட்டது போல நான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எண்ணை மாற்றியதும் கதவு திறந்தது. அதே எண்ணை எப்போதும் கொடுக்கும்படி ரவுட்டரில் பதிந்துவிடலாம். அன்று மாலையே அதைச் செய்வித்தோம்.

சரியான கடவுச்சொல், பிழையான விசை

கதவு திறந்தும் உள்ளே விடவில்லை. "கடவுச்சொல் பிழை" என்றது. மூன்று தடவை அடித்துவிட்டு நிறுத்தினேன். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11 பத்துத் தடவை பிழைத்தால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

வெற்று எழுத்துப் பக்கம் ஒன்றைத் திறந்து அதில் கடவுச்சொல்லை அடித்துப் பார்த்தேன். '@' வரவேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள்குறி வந்தது. உபுண்டுவை நிறுவியபோது பிரித்தானிய விசைப்பலகை தெரிவாகியிருந்தது. என் விசைப்பலகையோ அமெரிக்க அமைப்பு. இந்த இரண்டிலும் அந்தக் குறிகள் இடம் மாறியிருக்கும். கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் பிழை கண்ணில் படுவதில்லை. தமிழ் விசைப்பலகையை மாற்ற மறந்தாலும் இதே கதைதான். பார்த்த பிறகு அந்தப் பக்கத்தைச் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

உள்ளே போனேன். உடனே தங்கையின் குரல்: "அக்கா, இங்க திரை பூட்டிக்கொண்டுது!" பயப்பட வேண்டாம் என்றேன். ஆர்.டி.பி.யில் நாம் நுழையும்போது அங்குள்ள திரை பூட்டப்படும். அவள் திரும்ப நுழைந்தால் நான் வெளியே தள்ளப்படுவேன். எனவே யார் எப்போது வேலை செய்வது என்று பேசிக்கொள்ள வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டிய வேறு சில

• மெக் கணனியைத் தூரத்திலிருந்து பார்க்கும் மென்பொருளுக்குத் திரைப்பதிவு, அணுகல் ஆகிய இரண்டு அனுமதிகளையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திரை தெரியாது, அல்லது தெரிந்தும் சுட்டி நகராது.

• லினக்ஸ் கணனிக்குள் எக்ஸ்.ஆர்.டி.பி. மூலம் நுழைந்து கறுப்புத் திரை வந்தால், அதே பெயரில் அங்கே யாராவது ஏற்கனவே நுழைந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் வெளியேறினால் பெரும்பாலும் சரியாகும்.

• பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்களை இங்கே பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பெயர்ப் பட்டியலை யூனிகோடில் வைத்திருப்பதே நல்லது.

• கணனியின் திகதி பிழையாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஏற்கப்படாமல் இணைப்பு தடைப்படலாம். பழைய கணனியில் காசு போன்ற சிறு பற்றரி தீர்ந்தால் திகதி பின்னோக்கிப் போகும்.

குறுக்குவழி வேண்டாம்

அன்று அவசரத்தில் தெரிந்தவர் ஒருவர், "ரவுட்டரில் 3389 என்ற வாசலை நேராகத் திறந்துவிடுங்கள், வி.பி.என். தேவையில்லை" என்றார். நான் மறுத்தேன். அது ஆர்.டி.பி.யின் வாசல் எண்; உலகில் எவரும் வந்து தட்டலாம். 2019 மே மாதம் "புளூகீப்" என்ற ஓட்டை தெரியவந்தபோது, ஆதரவு நிறுத்தப்பட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது. அவ்வளவு ஆபத்து அதில் இருந்தது.

"வங்கியிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே தொலைபேசியை வையுங்கள். அந்த எண்ணைச் சொல்லி அனுமதியும் கொடுத்தால், நம் பெட்டகத்தின் சாவியைக் கொடுத்ததற்குச் சமம். அனுமதியின்றிப் பிறர் கணனிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணனிக் குற்றங்கள் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கணக்கு முடிந்தது. மறுநாள் பதினான்கு பேருக்கும் சம்பளம் கிடைத்தது. இப்போது என் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: மின்சாரம், உறக்கம், இணையம், முகவரி, கடவுச்சொல். அதே தாளின் பிரதி நிலையத்திலும் இருக்கிறது. போன மாதம் இணைப்பு அறுந்தபோது தங்கை எனக்குத் தொலைபேசி எடுக்கவே இல்லை. தாளைப் பார்த்துத் தானே சரிசெய்துவிட்டாள்.