உங்களுக்குத் தெரியுமா? புது மார்பகத்துக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது?

புற்றுநோயால் இழந்த மார்பகத்தை, அந்தப் பெண்ணின் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டே மீண்டும் உருவாக்கலாம். முன்பு வயிற்றுத் தசையையும் சேர்த்தே எடுத்தார்கள். 1992-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஆலன், தசையை அப்படியே விட்டுவிட்டு, அதன் ஊடே வரும் ரத்தக்குழாயை மட்டும் பிரித்தெடுத்து இதைச் செய்தார். எத்தனை பெரிய நிம்மதி!

ஆனால் எடுத்த திசு பிழைக்க வேண்டுமே? மார்பெலும்பின் ஓரமாக ஓடும் தமனியோடும் சிரையோடும் அந்தத் திசுவின் ரத்தக்குழாய்களை இணைக்கிறார்கள். (இதய பைபாஸுக்கும் இதே தமனிதான் உதவுகிறது.) இந்தத் தமனியின் விட்டம் ஏறக்குறைய 2 முதல் 3 மி.மீ. தைக்கும் முன், குழாயின் நுனியைச் சுற்றியுள்ள மெல்லிய வெளிச்சவ்வை நுண்ணோக்கியின் கீழ் பொறுமையாக உரித்தெடுக்க வேண்டும். அதில் ஓர் இழை உள்ளே மடங்கிக்கொண்டாலும் ரத்தம் உறைந்துவிடலாம். பிறகு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கலந்த உப்புநீரால் நுனியைக் கழுவி, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தைக்கிறார்கள். சிரையை இணைக்கச் சிறு வளையங்களும் உண்டு.

முதல் நாள் முழுக்கச் செவிலியர்கள் அடிக்கடி வந்து புது மார்பகத்தின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார்கள்.

மார்பகத்தை அகற்றும்போதே இந்த அறுவை சிகிச்சையைச் செய்யலாம். சில ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். அகற்றும் முன்பே மருத்துவரிடம் இதுபற்றிக் கேளுங்கள்.