ரேஸ் ராக்ஸ்: 1921இல் தொடங்கின டேட்டா

இந்த எபிசோட்டில் சென்சர்கள் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் விட்ட இடம் ஒன்று: கனடாவில், வான்கூவர் தீவின் தெற்கு முனைக்கு அப்பால் இருக்கிற ரேஸ் ராக்ஸ்.

கொஞ்சப் பாறைத் தீவுகள், 1860இல் கட்டின ஒரு கலங்கரை விளக்கம். 1980 முதல் இது சூழலியல் காப்பகம். அங்கேயே தங்கி வேலை செய்யிற காவலரை 'ஈகோ கார்டியன்' எண்டு சொல்லுவினம். மின்சாரம் சோலாரில், குடிதண்ணி, கடல்நீரை நன்னீராக்கும் மெஷினில்.

தினமும் கடல்நீர் எடுத்து வெப்பநிலையும் உப்பின் அளவும் குறிக்க வேணும். கடற்சிங்கம், யானை சீல், பறவைகளை எண்ண வேணும். சில கடற்சிங்கங்களின் தோலில் சூட்டுக்குறி எண் இருக்கும். தூரத்திலிருந்தே அதை வாசிச்சால் அது எங்கே பிறந்தது எண்டு தெரியும்.

வெப்பநிலைப் பதிவு 1921இல் தொடங்கினது. 1997இல் விளக்கு தானியங்கியானதும் காவலர் தேவையில்லை எண்டாச்சு. பக்கத்துப் பியர்சன் கல்லூரி பொறுப்பெடுத்திராவிட்டால் அந்தப் பதிவும் நிண்டிருக்கலாம்.

2006இல் கடலோட்டத்தில் மின்சாரம் எடுக்க இங்கே டர்பைன் ஒன்றை இறக்கினார்கள். 2011இல் தூக்கிவிட்டார்கள். தண்ணி அளக்கிற வேலை மட்டும் அதற்கு முன்னும் நடந்தது, பின்னும் நடந்தது.

புது மெஷின் பூட்டுறது எனக்கும் விருப்பம்தான். ஆனால் கடல் சூடாகுதா எண்டு கேட்டால், பதில் சொல்லப்போறது போன வருஷம் வாங்கின சென்சர் இல்லை. தலைமுறை தலைமுறையா ஆட்கள் எழுதி வச்ச இந்த எண்கள்தான். பட்ஜெட் வெட்டும்போது முதலில் போறதும் அந்த ஆட்கள்தான்.