ஏற்றத்தில் அணையும் எஞ்சின்

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். குன்னூர் போய்ச் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியார் பக்கத்தில் பழைய அம்பாசிடரோ பத்மினியோ பானெட்டைத் திறந்துகொண்டு ஓரங்கட்டி நிற்பதை இன்றும் எப்போதாவது பார்க்கலாம். ஓட்டி வந்தவர் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றியிருப்பார். அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். பெட்ரோல் சூடாகி ஆவியாகிவிட்டது, துணி போட்டதும் சரியாகிவிட்டது என்று அவர் நிம்மதியாகப் போவார். அடுத்த முறை மலை ஏறும்போது வண்டி மறுபடி நிற்கும்.

ஈரத்துணி வைத்தியம் பொய்யில்லை. உயரம் கூடக்கூட காற்றழுத்தம் குறையும். குறைந்த சூட்டிலேயே பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடுகிறது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஆறுவது பம்ப் மட்டுமல்ல, இக்னிஷன் காயிலும்தான். உள்ளே காப்பு பலவீனமான காயில் சூடேறினால் மின்பொறியை நிறுத்திவிடும். ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும். நோய் காயிலில் இருக்க, பம்புக்கு வைத்தியம் நடக்கிறது.

மலையில் வண்டி நின்றால் உயரத்தையும் பெட்ரோலையும் குறை சொல்வது பழகிப்போய்விட்டது. விட்டுவிட்டு அணையும் பழைய வண்டியில் முதலில் தேட வேண்டியது கரண்ட்டைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். தேடுவதற்கு முன்பே எதையும் மாற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

வண்டி எப்படி அணைந்தது என்பதுதான் முதல் தடயம். திணறித் திணறி, குலுங்கி, ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் பிழைத்து, பிறகு அணைந்தால் பெரும்பாலும் பெட்ரோல் விஷயம். சுவிட்சைத் தட்டியதுபோல் சட்டென்று நின்றால் கரண்ட். அந்த நொடியில் டேஷ்போர்டைப் பார்க்க வேண்டும். சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறதா? ஹாரன் அடிக்கிறதா? எல்லாமே செத்துப்போயிருந்தால் பேட்டரி டெர்மினல், எர்த், மெயின் ஒயர் இந்த மூன்றில் ஒன்று. விளக்கு எரிகிறது, செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் காயிலிலிருந்து பிளக் வரையிலான பாதையைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பாதை எளிமையானது. பாயிண்ட் திறந்து மூடும் இந்த முறைக்கு அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடிவம் கொடுத்தார். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி 1958-இல் வந்த அம்பாசிடரும், ஃபியட் 1100-இலிருந்து பிறந்த பத்மினியும் பல பத்தாண்டுகள் அதையே நம்பி ஓடின. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் நிறைகிறது. திறந்ததும் அது சட்டென்று சரிய, 12 வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாக எழும்பிப் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 பொறி வேண்டும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இந்த நுணுக்கத்தில் ஓர் ஓரம் தளர்ந்தாலும் வண்டி நிற்கும்.

நீலகிரியில் அதைத் தளர்த்துவதற்கென்றே பனிமூட்டம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூர், கோத்தகிரி எஸ்டேட் பாதைகளில் நாள் முழுக்க மேகம் தரையில் கிடக்கும். இரவில் வெளியே நிற்கும் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குள்ளும் ஈரம் இறங்கும். மின்பொறி ஈரத்தின் வழியே பக்கத்து முனைக்குத் தாவி, கேப்பின் சுவரில் கருப்புக் கோடு ஒன்றை எரித்துவைக்கும். ஈரம் காய்ந்த பிறகும் அந்தக் கரிக்கோடு கரண்ட்டைக் கடத்திக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கேப்பைத் துடைத்து மாட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். காற்று மெலிந்த இடத்தில் உயர் மின்னழுத்தம் வெளியே தாவுவதும் கொஞ்சம் எளிது. மிக உயரத்தில் பறந்த பழைய பிஸ்டன் விமானங்களின் மேக்னெட்டோவுக்குள் காற்றழுத்தம் ஏற்றிவைத்தது இதற்காகத்தான். ஊட்டி அவ்வளவு உயரமில்லை. ஆனாலும் விரிசல் விட்ட கேப்பும் ஈரமும் இருக்கும் வண்டிக்கு இந்த உயரமும் ஒரு சுமை.

ஈரம் செய்யும் அடுத்த வேலை எர்த்தில். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால், பின்னிய செம்புப் பட்டை ஒன்றுதான் அதை பாடியோடு மின்சாரத்தில் இணைக்கிறது. அந்தப் பட்டையின் போல்ட்டுக்குக் கீழே துரு பிடித்தால் கரண்ட் வேறு வழி தேடும். செல்ஃப் போடும்போது சோக் கேபிள் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள் அனுபவசாலிகள். சுட்டால், ஸ்டார்ட்டருக்குப் போன கரண்ட் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மல்டிமீட்டர் இருந்தால், செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையைக் கழற்றி, எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு தேநீர்க் காசு. இதைப் பார்க்காமலே புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார் என்று வாங்கிப் பணத்தைத் தொலைத்தவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

என்னை மிகவும் வியக்கவைப்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் விரலளவு ஒயர். வேக்குவம் அட்வான்ஸ் வேலை செய்யும்போதெல்லாம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு லேசாகத் திரும்புகிறது. ஒயரும் கூடவே வளைகிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து உள்ளே இழைகள் அறுந்துவிடும், மேலுறை மட்டும் முழுசாகத் தெரியும். ஐடிலிங்கில் எஞ்சின் அழகாக ஓடும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் தட்டு திரும்பி, அறுந்த இழை விலகி, எஞ்சின் அணையும். மிதித்தால் அணைகிறதே, கார்புரேட்டர்தான் என்று எல்லோரும் அதைக் கழற்றுவார்கள். ஒயரை மெல்ல இழுத்துப் பார்த்தால் போதும். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

வண்டி நின்ற இடத்திலேயே செய்யக்கூடிய சோதனை இது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடு ஒயரைப் பிடுங்கி, நுனியை இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிளாக்கிலிருந்து 5, 6 மில்லிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் செல்ஃப் போட வேண்டும். நீல நிறத்தில் படபடவென்று பொறி வந்தால் காயிலும் பாயிண்ட்டும் நலம்; கேப், ரோட்டர், பிளக் ஒயர், இல்லையேல் பெட்ரோல் பக்கம் போகலாம். மஞ்சளாக மெலிந்து வந்தால் கன்டென்சர்மேல் சந்தேகம் விழும். பாயிண்ட் முகம் கருகியிருந்தால் சந்தேகம் வலுக்கும். பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளிலும் கூடாது, மாட்யூல் போய்விடும்.

பொறியே இல்லையா? டெஸ்ட் லாம்பைக் காயிலின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். எரியவில்லை என்றால் கரண்ட் அங்கே வரவே இல்லை. சாவி சுவிட்ச் தேய்ந்த வண்டிகளில், கனத்த சாவிக்கொத்து ஆடும்போதே தொடர்பு விட்டுப்போகும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயர் ஒன்றைக் காயிலுக்கு நேராகக் கொடுத்து ஓட்டிப் பார்த்தால் உண்மை வெளிவரும். ஒயர் இருக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் அணையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

டைனமோ வைத்த வண்டிகளுக்கு மலையில் இன்னொரு சிரமம். மூட்டத்துக்குள் ஊர்ந்து போகும்போது இரண்டு ஹெட்லைட் மட்டுமே 8 ஆம்பியர் அளவு இழுக்கும், வைப்பர் தனி. அந்த மெதுவேகத்தில் டைனமோ கொடுப்பது அதற்குப் போதாது. பேட்டரி இறங்க இறங்கப் பொறியும் மெலியும்.

சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தயாரித்த டிஸ்ட்ரிபியூட்டர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இன்று முதியவர்கள். அம்பாசிடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. காது கொடுத்துக் கேட்டு, மூக்கால் மோந்து, ஒரு பல்பை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் அவர்களுடைய அறிவு, ஸ்கேனரைச் செருகிப் பழகிய இளைஞர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இன்றைய வண்டியிலும் எர்த் துருப்பிடிக்கத்தான் செய்கிறது.

அப்படி ஒருவரிடம் போகும்போது வெறும் "வண்டி நிக்குதுண்ணே" போதாது. எந்த இடத்தில் நின்றது, எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, மழையா வெயிலா, லைட் எரிந்துகொண்டிருந்ததா, எத்தனை நிமிடத்தில் மறுபடி பிடித்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். காலையில் வண்டியை விட்டுவிட்டு மாலையில் வருகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். ஆறிய காயில் அவரிடமும் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏற்றத்தில் இரண்டு மூன்று வளைவு ஓட்டிக் காட்டுங்கள். டெஸ்ட் லாம்ப் அவர் கையில் இருக்கட்டும்.