கிணற்றுத் தண்ணீரும் கப்பி மீனும்

மீன் தொட்டி என்றதும் வசதி படைத்தவர்களின் விறாந்தை அலங்காரம் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் பெண் தலைமைத்துவக் குடும்பங்களோடு பணியாற்றும்போது, "பிள்ளைகளை விட்டிட்டுப் போகாமல் வீட்டிலிருந்தே செய்ய ஏதும் தொழில் இருக்கோ தங்கச்சி?" என்ற கேள்வியையே நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அதற்குரிய விடைகளில் ஒன்று அலங்கார மீன் வளர்ப்பு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லில் ஊறும் கிணற்று நீரே எமக்கு எல்லாம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அந்த வன்னீரைக் குறை சொல்கிறோம். அதே நீர் கப்பி, மொலி, பிளாட்டி ஆகிய மீன்களுக்கு நன்கு பொருந்தும். தீவகத்தில் சற்று உவர்ப்பேறிய கிணறுகள் இருந்தால் மொலி அதையும் தாங்கும். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் முதன்மையானது கப்பிதான்.

கண்ணாடித் தொட்டி வாங்க வேண்டியதில்லை. சீமெந்துத் தொட்டியோ பழைய றெஜிபோம் பெட்டியோ போதும். புதுச் சீமெந்துத் தொட்டியில் பல தடவை நீர் நிரப்பி ஊறவிட்டு ஊற்றிவிடுங்கள். கிணற்றுக்குக் குளோரீன் போட்டிருந்தால் நீரை அகன்ற பாத்திரத்தில் இரண்டொரு நாள் திறந்து வைத்த பின்பே பாவியுங்கள். தொடக்கத்தில் ஐந்தாறு மீன்களே விடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பக்றீரியா பெருகச் சில வாரங்கள் எடுக்கும். வாரம் ஒருமுறை கால்வாசி நீரை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் ஊற்றித் தேய்த்துக் கழுவினால் அந்த நல்ல பக்றீரியாவும் போய்விடும்.

கப்பி முட்டையிடாது, குஞ்சு ஈனும். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கொரு முறை ஈனும் தாய், தன் குஞ்சுகளையே விழுங்கிவிடும். வேலம்பாசி போன்ற நீர்த்தாவரம் அடர்ந்திருந்தால் குஞ்சுகள் ஒளிந்து தப்பும், நீரிலுள்ள கழிவுச் சத்தையும் அது உறிஞ்சும். ஒரு மாதமாகும்போது ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். பிரிக்காவிட்டால் நிறங்கள் கலந்து விலை விழுந்துவிடும். ஒருமுறை சேர்ந்த பெண் மீன் பல மாதங்கள் தொடர்ந்து ஈனும் என்பதை மறக்க வேண்டாம்.

சிறு செந்நிற இறாலும் இந்நீரில் வளரும். ஆனால் செம்பு கலந்த பங்கசு நாசினி சிறிதளவு பட்டாலே இறந்துவிடும். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் வீடுகளில் வாளியையும் கையையும் கவனியுங்கள்.

சகோதரிகளே, இதைத் தொடங்கக் கடன் எடுக்க வேண்டாம். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் கட்ட முடியாமல் நின்ற நுண்கடன்களில், 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவற்றை அரசு பொறுப்பேற்க வேண்டி வந்தது. வடக்கும் அதில் அடங்கியது. கிழமைக்கொரு தவணை கேட்கும் கடனுக்கு, மாதமொரு முறை ஈனும் மீன் ஈடாகாது. ஒரு பெட்டியில் தொடங்கி, அதன் குஞ்சுகளைக் கொண்டு இரண்டாவது பெட்டியை நிரப்புங்கள். வளர்க்க முன்னரே நகரத்து மீன் கடைகளில் எந்த நிறத்தை, எந்த அளவில், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு நிறம் வளர்த்தால் வியாபாரியிடம் பேரம் பேசும் பலம் கூடும். பயிற்சி பற்றி உங்கள் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

மாரியில் தொட்டி நிரம்பி வழிந்தால் மீன் வெள்ளத்தோடு போய்விடும். வலை போட்டு மூடுங்கள், காகமும் மீன்கொத்தியும் அண்டாது. வேண்டாத மீனைக் குளத்தில் விடாதீர்கள். அந்நிய மீன்கள் எமது குளத்து மீன்களுக்குக் கேடு.

இன்னொரு நன்மையும் உண்டு. கப்பி நுளம்புக் குடம்பிகளைத் தின்னும். விற்கும் நாள் வரும்வரை, டெங்குக் காலத்தில் அது உங்கள் வளவுக்குக் காவலிருக்கும்.