அவர் எழுதினால் இவர் திருத்துவார்... இவர் எழுதினால் அவர் திருத்துவார்!

சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்று சொன்னாலே பல வீடுகளில் அன்றைக்குப் பேச்சுவார்த்தை கட். ஆனால், 'நீ எழுதினது சரியில்லை' என்று தினமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே காலமெல்லாம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள் ஒரு தம்பதி. அமெரிக்காவின் பிரான்சஸ் குட்ரிச் - ஆல்பர்ட் ஹாக்கெட் ஜோடிதான் அது.

இருவருமே மேடை நடிகர்கள். ஆல்பர்ட் சிறுவயதிலேயே நடிக்க வந்தவர். பிரான்சஸ் அவரைவிட 9 வயது மூத்தவர்; ஏற்கெனவே இரண்டு திருமணங்கள் முறிந்தவர். முதலில் சேர்ந்து நாடகம் எழுதினார்கள். 1931-ல் கல்யாணம். பிறகு ஹாலிவுட் அழைத்தது.

இவர்களுடைய எழுத்து முறை சுவாரஸ்யமானது. ஒரு காட்சியைப் பேசி முடிவு செய்வார்கள். பிறகு அதே காட்சியை இருவரும் தனித்தனியாக எழுதுவார்கள். எழுதியதை மாற்றிக்கொண்டு, தாட்சண்யமே இல்லாமல் விமர்சிப்பார்கள். மறுபடி எழுதுவார்கள். கடைசியில் எந்த வரி யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

1934-ல் வந்த 'தி தின் மேன்' படம்தான் பெரிய திருப்பம். அது துப்பறியும் கதை. ஆனால், கொலையைவிடக் கணவன் - மனைவி காட்சிகள்தான் தனக்கு முக்கியம் என்றார் இயக்குநர் வேன் டைக். நிக், நோரா இருவரின் கேலியும் கிண்டலும் ரசிகர்களைக் கட்டிப்போட்டன. அப்போதெல்லாம் சினிமாவில் காதல் கல்யாணத்தோடு முடிந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகும் காதல் ஜாலியாக இருக்கும் என்று காட்டியது இந்தப் படம்.

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', 'ஃபாதர் ஆஃப் தி பிரைட்' என அடுத்தடுத்து பெயர் சொல்லும் படங்கள். ஆஸ்கருக்கு நான்கு முறை பரிந்துரை. விருதுதான் கைக்கு வரவில்லை.

எட்டு முறை எழுதிய நாடகம்

சிரிக்க வைத்தே பெயர் வாங்கிய இவர்களிடம் 1953-ல் ஒரு கனமான வேலை வந்தது. நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்து, முகாமில் உயிரிழந்த சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரியை நாடகமாக்க வேண்டும்.

எழுதினார்கள். ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்குக்குத் திருப்தி இல்லை. ஒளிந்திருந்த எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் அவர் ஒருவர்தான். அவர் மனம் ஒப்பாததை மேடையேற்ற முடியுமா? மீண்டும் உட்கார்ந்தார்கள். 1954 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமுக்கே போய், அந்தக் குடும்பம் ஒளிந்திருந்த அறைகளை ஓட்டோவுடன் சென்று பார்த்தார்கள். இரண்டு வருட உழைப்பு. மொத்தம் எட்டு முறை திருத்தி எழுதினார்கள்.

1955 அக்டோபர் 5-ம் தேதி பிராட்வேயில் அரங்கேறிய நாடகம், 717 முறை நடந்தது. புலிட்சர் பரிசும் டோனி விருதும் கிடைத்தன. 1959-ல் இவர்களே திரைக்கதை எழுத, சினிமாவாகவும் வந்தது.

விமர்சனமும் வந்தது. 'ஆனின் யூத அடையாளத்தை மங்க வைத்துவிட்டார்கள், அவள் கதையை மென்மையாக்கிவிட்டார்கள்' என்றார்கள். அதில் நியாயமும் உண்டு. 1997-ல் வேறொரு எழுத்தாளர் திருத்திய வடிவம்தான் பிராட்வேயில் மேடையேறியது. ஆனாலும், டைரியைப் படிக்காத லட்சக்கணக்கானவர்களிடம் ஆனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தத் தம்பதிதான்.

அந்த நாடகத்தை ஓட்டோ ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தன் மகளும் மனைவியும் மேடையில் நடமாடுவதைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை.

1984-ல் பிரான்சஸ் மறைந்தார். அதன் பிறகு 11 வருடங்கள் வாழ்ந்தார் ஆல்பர்ட். எழுதினால் வாங்கிப் படித்துவிட்டு, 'இது சரியில்லை' என்று சொல்லத்தான் ஆள் இல்லை!